கூட்டு ரோட்டில் திரும்பியது என் கை

மஞ்சு,

புதுக் காருக்குப் பூஜை போட்ட அன்று, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முடித்ததும், நீ முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "அத்தை, நீங்க உக்காருங்க" என்றாய். உன் மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால், உடைத்த தேங்காய் மூடிகளை ஒரு கூடையில் மடிமேல் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வருவதற்குள் நீ எட்டு முறை அத்தை என்றாய். ஒரே ஒரு முறை அம்மா என்றாய், அதுவும் "அம்மா, பெல்ட் போட்டியா" என்று கேட்பதற்கு. எண்ணிக்கொண்டுதான் வந்தேன். இதையெல்லாமா எண்ணுவார்கள், இவ்வளவு சின்ன மனசா என்று நீ கேட்கலாம். ஆமாம், அவ்வளவு சின்ன மனசுதான். அந்த மனசு செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் சொல்ல உட்கார்ந்தால் நீ பாதியிலேயே "சரி விடும்மா" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். அடுத்த வாரம் நீயும் மாப்பிள்ளையும் ஓசூருக்கு வீடு மாறுகிறீர்கள். அவ்வளவு தூரம் காரை நீதான் ஓட்டிக்கொண்டு போகப் போகிறாய். அந்த ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது. அதனால்தான் இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் கிராம சுகாதார நர்சாக வேலைக்குச் சேர்ந்தபோது திண்டிவனத்தில் நம் தெருவில் வண்டி ஓட்டிய ஒரே பொம்பளை நான்தான். முதலில் மொபெட், பிறகு ஸ்கூட்டி. தடுப்பூசிப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு மரக்காணம் ரோட்டில் போய், கிராமத்துக்குப் பிரிகிற இடத்தில் வலது கையை நீட்டுவேன். நீட்டிய அதே நொடியில் வண்டியும் திரும்பிவிடும். பின்னால் பார்த்ததே கிடையாது. கண்ணாடி என்று ஒன்று இருந்தது, அதில் பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். லாரிக்காரன் நிற்பான், டிராக்டர்காரன் நிற்பான், "நர்சம்மா வர்றாங்க" என்று மாட்டு வண்டிகூட ஓரம் கட்டும். முப்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. அதை நான் என் திறமை என்றே நினைத்தேன். உன் அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு தரம் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டு, "இனிமே உங்கூட வர்றதா இருந்தா நடந்தே வர்றேன்" என்றார். ஆம்பளைக்கு ரோஷம் என்று சிரித்துவிட்டேன்.

உனக்குப் பதினெட்டு முடிந்ததும் நான்தான் ஸ்கூட்டி பழக்கினேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாம் இரண்டே பேர். நீ பயந்த பிள்ளை. ரோடு பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே நிற்பாய். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குப் பொறுக்காது. "பாத்துக்கினே நின்னா ஆயுசு பூரா இங்கயேதான் நிக்கணும்டி. கைய நீட்டு, திரும்பு. அவன் நிப்பான்" என்பேன். "நிக்கலைன்னா?" என்று கேட்டாய். "நிப்பான். எனக்கு நிக்கலையா?" என்றேன். ஒரு மாதத்தில் நீயும் என்னைப் போலவே கையை நீட்டித் திரும்பினாய். நடு ரோடு வரைக்கும் போய்த் திரும்பாமல், வளைவை ஓரமாகவே வெட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவன் பாதையில் புகுந்து போகிற வித்தையும் என்னிடம் கற்றதுதான். தெருவில் எல்லோரும் "அம்மா மாதிரியே ஓட்டுது" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, நீ பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோதுகூட வரவில்லை.

பிறகு சதீஷ் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் தங்கமான பையன். ஆனால் அவனுடைய அம்மா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் என்று கேட்டபோது என் முகம் போன போக்கை நீ பார்த்தாய். புருஷன் படுக்கையில் விழுந்ததும் அவர் ஓட்டிக்கொண்டிருந்த வேனைத் தானே எடுத்து, கோலியனூர் பக்கத்துப் பிள்ளைகளை விழுப்புரத்துக்கு ஏற்றி இறக்கி மகனைப் படிக்க வைத்தவர். அதை நான் பெருமையாக நினைத்திருக்க வேண்டும். கவர்ன்மெண்ட் வேலை பார்க்கிறவளுக்கு டிரைவரம்மா சம்பந்தியா என்றுதான் நினைத்தேன். ஒரு பேச்சுக்குக்கூட அவரைச் சரிசமமாக நினைக்காத எனக்கு, உன் கல்யாணம் முடிந்து மூன்றே மாதத்தில் அவர்மேல் வந்தது பொறாமை.

நீ முதல் தடவை வீட்டுக்கு வந்து என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்த நாள் நினைவிருக்கிறதா? மார்க்கெட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நீ என் தோளைத் தட்டினாய். "இண்டிகேட்டர் போடும்மா. பின்னாடி பாரும்மா. அத்தை சொல்லுவாங்க, திரும்பறது நம்ம வேலை, அதுக்காக நேரா போறவனுக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்கத்தைக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியறதுக்கு முன்னாடியே நான் வண்டி ஓட்டினவடி" என்றேன். உண்மையில் எரிந்தது ஸ்டியரிங்குக்காக இல்லை. சாயங்காலம் அவர் வேனைக் காலி செய்துவிட்டு உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளில்லாத மைதானத்தில் கார் பழக்குகிறார் என்று நீ சொன்னாயே, அந்தச் சாயங்காலங்களுக்காக. அந்த நேரத்தில் நான் இங்கே ஒரு ஆளுக்குச் சோறு வடித்துக்கொண்டு இருந்தேன். என் பிள்ளையின் கையை இன்னொருத்தி பிடித்து, இப்படி இல்லை, அப்படி என்று திருத்துகிறாளே என்று இருந்தது. நான் கற்றுக்கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைக்கிறாளே என்று இருந்தது.

காரில் நீ அவர் சொன்னபடி ஓட்டினாய். ஆனால் ஸ்கூட்டியில் ஏறினால் உன் கை என் கைதான். முதலில் படிந்தது அவ்வளவு சுலபத்தில் போகாது. அன்று காலை ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று ஜல்தியாகக் கிளம்பினாய். நீ டீச்சராக இருந்த ஸ்கூல் பண்ருட்டிப் பக்கம், அந்த ரோட்டுக்குக் கோலியனூர்க் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கையை நீட்டினாய், திரும்பினாய். பின்னால் நேராக வந்த பைக் உன்மேல் மோதியது. உனக்கு மணிக்கட்டு உடைந்தது. பைக்கில் புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்து வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மல்லிகாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது.

நான் விக்கிரவாண்டி தாண்டி வருகிற பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து ஆஸ்பத்திரியில் இறங்கினேன். போலீஸ்காரர் கேட்டபோது நீ "என் தப்புதான் சார், நான் பின்னாடி பாக்கல" என்று ஒளிக்காமல் சொன்னதாகச் சதீஷ் சொன்னான். அது என் காதில் ஏறவே இல்லை. வராந்தாவில் உன் மாமியார் உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்தது. "ஏழு வருஷமா வண்டி ஓட்டுறா எம்பொண்ணு, ஒரு கீறல் உண்டா? காரு, வேனுன்னு கண்டதையும் சொல்லிக்குடுத்து அவளக் கொழப்பி வுட்டுட்டீங்க. இவளுக்கு எதாச்சும் ஆகியிருந்தா நான் உங்கள சும்மா வுட்டிருக்க மாட்டேன்" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் செருப்பைச் சுவரோரமாக வைத்துவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கப் போனார்.

இப்போது எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. கட்டுப் போட்ட கையோடு உன்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்தேனே, அந்த ஆறு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். உனக்குத் தலை வாரினேன், சோறு பிசைந்து ஊட்டினேன், குளிப்பாட்டினேன். ஒரு எலும்பு முறிந்து என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று இருந்தது. நர்சாக எத்தனை பேருக்குக் கட்டுப் பிரிந்து கை அசைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சொந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வாரம் ஆகட்டுமே என்று நினைத்தேன்.

அதோடு போகவில்லை. அந்த ஆறு வாரத்தில் உன் மாமியார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தார். மீன் குழம்பு செய்து தூக்குச் சட்டியில் கொண்டுவந்தார். நீ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாய். "தூங்குறா, இப்பத்தான் மாத்திரை போட்டா" என்றேன். அவர் முன்னறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "எழுப்ப வேணாம் சம்பந்தி, வலியில கெடந்த புள்ள, தூங்கட்டும்" என்று எழுந்து போனார். இரண்டு தடவையும் அதே பொய். "அத்தை என்னப் பாக்க வரவே இல்லியேம்மா, எம்மேல கோவமா?" என்று நீ கேட்டபோது, "வந்தாங்க, அவசரமா போய்ட்டாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீன் குழம்பு நான் வைத்தது என்று நினைத்துச் சாப்பிட்டாய். நன்றாக இருக்கிறது என்றாய். அதற்கும் தலையாட்டினேன்.

நீ திரும்பிப் போன பிறகு, பேச்சுவாக்கில் சதீஷ் ஒன்று சொன்னான். மல்லிகாவைக் கட்டு மாற்றுவதற்கெல்லாம் அவன் அம்மாதான் வேனில் ஏற்றிக்கொண்டு போய் வந்தாராம். வாரா வாரம் வீட்டுக்கும் போய்ப் பார்க்கிறாராம். எனக்கு வந்தது வெட்கம் இல்லை மஞ்சு, போட்டி. நானும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கோலியனூருக்கு உள்ளே இருந்த அந்த வீட்டைத் தேடிப் போனேன். நர்ஸ் நான், எனக்குத் தெரியாத வைத்தியமா அந்த டிரைவரம்மாவுக்குத் தெரியும் என்கிற நினைப்பு. மல்லிகா காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க அந்தப் பொண்ணோட மாமியாராம்மா?" என்றாள். "அம்மா" என்றேன். அவள் நம்பாதவள் போலப் பார்த்தாள். "அப்ப வேன்ல வர்றவங்க? அவங்கள இல்ல நான் அம்மான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அந்த வார்த்தை நெஞ்சில் குத்தி நிற்கும்போதே அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "எங்கூட்டுக்காரரு மெதுவாத்தான் போய்க்கினு இருந்தாரும்மா. அந்தப் பொண்ணு கைய நீட்டிச்சி. நீட்றதும் திரும்பறதும் ஒண்ணா இருந்திச்சி. நீட்டிட்டு ரெண்டு எண்ணிட்டுத் திரும்பியிருந்தாக்கூட ப்ரேக்கு பிடிச்சிருப்பாரு. பின்னாடி ஒரு தபா பாக்கல." அவள் தன் வலது கையை நீட்டி, உடம்பைச் சாய்த்து, அது எப்படி இருந்தது என்று செய்து காட்டினாள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, விரலை விரித்து. அது உன் கை இல்லை. என் கை. முப்பது வருஷமாக மரக்காணம் ரோட்டில் நான் நீட்டுகிற கை.

அப்போதும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அப்படித்தானே திரும்புகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வாதாடியது. இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போகும்போது வழக்கமான இடத்தில் வழக்கம்போலத் திரும்பினேன். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ கிறீச்சென்று நின்றது. ஓட்டியவன் எனக்குத் தெரிந்தவன்தான், அவன் இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் தடுப்பூசி போட்டவள். "ஏம்பா, மெதுவா வரக் கூடாதா?" என்றேன். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். "மெதுவா வந்ததாலதான் நின்னுது நர்சம்மா. நீங்க எப்டித் திரும்புவீங்கன்னு இந்த ரோட்ல ஓட்ற அத்தினி பேருக்கும் தெரியும். உங்க வண்டி முன்னாடி போவுதுன்னா ப்ரேக்கு மேல கால வெச்சிக்கினேதான் வருவோம். புதுசா வர்ற டிரைவருக்கும் சொல்லி வெச்சிருக்கோம், நர்சம்மா பேஜாரு, பாத்துப் போன்னு."

வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் நான் ஓட்டவில்லை மஞ்சு. ஒரு ஊரே என்னைக் கீறல் படாமல் ஓட்டியிருக்கிறது. ஊசி போட்ட நன்றிக்காக, பிரசவம் பார்த்த நன்றிக்காக, முகம் தெரிந்தவள் என்பதற்காக அவர்கள் எனக்கும் சேர்த்துப் பின்னால் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் பிடுங்கி உன்னிடம் கொடுத்து, உன்னை யாருக்கும் தெரியாத ஊருக்கு அனுப்பினேன். கோலியனூர்க் கூட்டு ரோட்டில் உனக்காக யார் ப்ரேக் மேல் கால் வைத்துக்கொண்டு வருவார்கள்?

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் உன் மாமியார் ஜெயித்துவிடுவார். இரண்டு வருஷம் என்னைப் பிடித்து வைத்திருந்தது இந்த ஒன்றுதான், வேறு காரணம் தேடாதே. நீ மல்லிகாவை நினைத்துத் தூக்கம் கெட்டு, ஸ்கூட்டியைத் தொடவே மாட்டேன் என்று இருந்தபோதுகூட, "விதி, யார் என்ன பண்ண முடியும்" என்று சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பூஜை முடிந்த மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பியதாக நினைத்தாய் அல்லவா? நான் பஸ் ஏறவில்லை. காலையில் உன் மாமியார் வேனை எடுக்கும்போது முன்னால் போய் நின்று, "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். கூட்டு ரோடு வந்தது. வெகு தூரத்துக்கு முன்பே இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார், தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்தார். நேராகப் போகிற பைக் எல்லாம் போகட்டும் என்று நின்றார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். "அவுரு அடிக்கட்டும், அது அவுரு கை, திருப்பறது நம்ம கை" என்றார். நடு வரைக்கும் போய், ரோட்டைக் கடக்கிற ஒரு கிழவருக்கும் வழிவிட்டு, அதன்பிறகுதான் திருப்பினார். வேனுக்குள் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. அந்த அழகைப் பார்த்து எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு சொன்னேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்களப் பேசினது தப்புங்க. அவளுக்கு அப்டித் திரும்பக் கத்துக்குடுத்தது நாந்தான்."

"தெரியுங்க சம்பந்தி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்டி?"

"மொதநாள் கார்ல உக்காரவெச்சி ஓட்டச் சொன்னப்ப, திரும்பற எடத்துல ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டிட்டு ஒரே வெட்டா வெட்டினா. யாரும்மா கத்துக்குடுத்ததுன்னு கேட்டேன். 'எங்கம்மா'ன்னா. அத எவ்ளோ பெருமையா சொன்னா தெரியுமா? அதுக்கு மேல நான் எதுக்குங்க கேக்கறேன்."

"ஆஸ்பத்திரியிலயாவது சொல்லியிருக்கலாமே."

அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சி. நானும் மனுஷிதாங்க. நாலு மணி நேரம் அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். ஊசி மயக்கம் தெளிஞ்சதும் 'அம்மா எங்க'ன்னா. என் முகத்தப் பாத்துக்கினே கேட்டா. எனக்கு மட்டும் எரியாதா? எரிஞ்சிது. எரியறப்ப வாயத் தொறக்கக் கூடாதுன்னு கம்முனு இருந்துட்டேன்." பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்த ரெண்டு ஞாயித்துக் கெழமையும் அவ தூங்கல, இல்ல?" என்றார். இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்கு மன்னிப்பு கிடைத்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக மல்லிகா வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். அவள் முறத்தில் இருந்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்லம்மா. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடிச்சின்னு வுட்டுட்டேன். இப்ப உங்க மேல வருது" என்றாள். வரட்டும் என்றேன். மழை நாளில் இன்னும் கால் வலிக்கிறதாம், குந்தி உட்கார்ந்து களை எடுக்க முடியவில்லையாம். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன், என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று சொன்னேன். அடுத்த வாரமும் வருகிறேன் என்றேன். வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. போகத்தான் போகிறேன்.

ஆகவே, நீ இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருப்பதில் பெரும்பங்கு உன்னுடையது இல்லை. அதை எடுத்து என் பக்கம் வைத்துவிடு. ஓசூருக்குப் போகிற வழியில் எத்தனையோ திருப்பம் வரும். அங்கே போன பிறகும் தினமும் வரும். நான் சொன்னது எதுவும் உன் கைக்கு நினைவு வர வேண்டாம். ஒவ்வொரு தடவையும் உன் அத்தை சொன்னபடியே நில், பார், பிறகு திரும்பு. பின்னால் இருக்கிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவசரப்படாதே. எதிரே வருகிறவனுக்கு நீ யாரோ, உனக்கு அவன் யாரோ. யாரும் நமக்காக நிற்பார்கள் என்று நினைத்துவிடாதே. இதுவரை உன் மாமியார் என்றே எழுதி வந்தேன், இந்த இடத்தில் அத்தை என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் முதல் போன் அவருக்குப் பண்ணு. வாசலிலேயே காத்துக்கொண்டு இருப்பார், காட்டிக்கொள்ள மாட்டார். அவரிடம் பேசிவிட்டு எனக்குப் பண்ணு. ஆனால் அவரிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டு இருக்காதே, நான் இங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா